குடவாயிற் சிறை: தீமை, அறம், தன்னுரிமை

புறநானூற்றில் 74 ஆம் எண் பெற்று நிற்கும் செய்யுள் ஏழே அடிகளால் ஆயது. சேரமான் கணைக்கால் இரும்பொறை என்பான் சோழன் செங்கணானோடு பொருது தோற்றுப் பிடிபட்டுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் இருந்தபோது, தண்ணீர் கேட்டு உடனே பெறாது, பின்னர்ப் பெற்ற நீரைக் கையில் ஏந்தியவாறே பருகாமல் இப்பாட்டைச் சொல்லி உயிர் நீத்தான் என்பது அதன் அடிக்குறிப்பால் அறியப்படும் செய்தி. இதனை மாணாக்கர்க்குக் கற்பிக்குந்தோறும் ஒரு வினா தவறாது எழக் காண்கின்றோம். இவ்விறப்பு அறமா, தீமையா? விதியால் வந்ததா, தன் விருப்பால் வந்ததா? மானத்தின் சிறப்பைக் கூறி இவ்வினாவை மூடிவிடுதல் எளிது. ஆனால் தீமை எங்கிருந்து பிறக்கிறது, மனிதன் தான் செய்வதைத் தானே தேர்கின்றானா என்னும் ஆராய்ச்சி மேலைநாட்டு மெய்ப்பொருளறிஞரும் கிறித்துவப் பேராசிரியரும் சைவ சமய ஆசிரியரும் நெடுங்காலம் நிகழ்த்தியதாகும். அவருள் சிலர் காவிரி நாட்டிலேயே தமிழில் அதனை நிகழ்த்தினர். அவ்வாராய்ச்சியைக் குடவாயிற் சிறையின் வாயிலில் நிறுத்திப் பார்ப்பதே ஈண்டு நம் நோக்கம்.

முதற்கண் சான்றுகளை அளந்து கொள்ளல் வேண்டும். பாட்டினுள் அரசன் பெயரும் இல்லை, ஊர்ப்பெயரும் இல்லை. குடவாயில் என்னும் இடம் அடிக்குறிப்பால் மட்டுமே பெறப்படுவது. அக்குறிப்புகள் பாடல்களுக்குப் பிற்பட்டனவாயினும் பழைய மரபைத் தாங்கியவை என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டதே. அவ்வூர் இன்று திருவாரூர் மாவட்டத்திலுள்ள குடவாசலே என்பது அறிஞர் பலர் கருத்து. சங்கப் புலவருள் குடவாயிற் கீரத்தனார் என ஒருவர் இவ்வூர்ப் பெயரால் வழங்கப்பெறுகின்றார். அவர் பாடிய அகநானூற்று 44 ஆம் பாட்டு, பழைய நெல் நிறைந்த குடிகளையும் யானை படியும் குளத்தையும் பசிய காவற்காட்டையும் உடையதாகக் குடவாயிலைக் காட்டுகின்றது. அப்பாட்டிலேயே பெரும்பூட் சென்னி என்னும் சோழன் கணையன் என்பானை அகப்படுத்திக் கழுமலத்தைக் கொண்ட செய்தியும் வருதல் நோக்கத்தக்கது. கணையனும் கணைக்கால் இரும்பொறையும் ஒருவரா என்பதில் ஆராய்ச்சியாளர் ஒன்றுபடவில்லை. நாமும் இங்கு அதனைத் துணிய முற்படவில்லை. காவலும் நெல்லும் நீரும் செறிந்த சோழர் ஊர் ஒன்றில் பகையரசன் சிறைப்பட்டிருந்தான் என்பது மட்டும் போதும். நீர் நாட்டின் நடுவே ஒருவன் ஒரு வாய் நீருக்கு ஏங்க நேர்ந்தது என்பதையும் ஒருவாறு நினைவில் வைத்தல் வேண்டும்.

போர்க்களம் பற்றியும் மாறுபாடு உண்டு. அடிக்குறிப்பு திருப்போர்ப்புறம் என்கிறது. பொய்கையாரது களவழி நாற்பது கழுமலத்தைக் குறிக்கின்றது. இதனினும் பெரிய மாறுபாடு முடிவு பற்றியது. பொய்கையார் களவழி பாட, அது கேட்டு மகிழ்ந்த சோழன் சேரனைத் தளையினின்றும் விடுவித்தான் என்பது மற்றொரு மரபு. கலிங்கத்துப்பரணியும் சோழர் உலாக்களும் இம்மரபையே போற்றுகின்றன. களவழியினுள் விடுதலைச் செய்தி இல்லை. ஒரே சிறையினின்று ஒருவன் இறந்தும் வெளிப்பட்டான், உயிரோடும் வெளிப்பட்டான் என இரு முடிவுகள் நம் முன் நிற்கின்றன. இவற்றுள் எது வரலாறு என்பதை அடுத்து, எம்மரபினர் எதனை விரும்பினர் என்பதும் எண்ணத்தக்கதே. பரணியும் உலாவும் சோழரைப் பாட எழுந்தவை. வென்றவனது பெருந்தன்மை அவற்றுக்கு வேண்டியதாயிற்று.

இனிப் பாட்டிற்கு வருவோம். பிள்ளை இறந்து பிறப்பினும், உருவமற்ற தசைப் பிண்டமாய்ப் பிறப்பினும், அதனையும் ஆள் என்றே கொண்டு வாளால் போழ்ந்து அடக்கும் மறக்குடி வழக்கை அது முதலிற் கூறுகின்றது. பின்னர், சங்கிலியிற் பிணித்த நாயைப் போலத் துன்புறுத்தி வைத்திருக்கும் உறவல்லாதார் இடும் சிறு கொடையை, வயிற்றுத் தீயை ஆற்றும்பொருட்டுத் தாமே இரந்து உண்ணும் நிலைக்கு இவ்வுலகில் மக்களைப் பெறுவாரும் உளரோ என வினவுகின்றது. அவ்வளவே. இதில் ஊழ் என்ற சொல் இல்லை. வினை இல்லை. தெய்வம் இல்லை. பகைவன் பெயர்கூட இல்லை.

இவ்வின்மை சிறிதன்று. புறநானூற்றுப் புலவர் ஊழை அறியாதவர் அல்லர். 192 ஆம் பாட்டில் கணியன் பூங்குன்றனார் உயிர் வாழ்க்கையைப் பேராற்று நீரின் வழிச் செல்லும் புணைக்கு ஒப்பிட்டு, முறை வழியே எல்லாம் படும் என்றார். பின்னெழுந்த சிலப்பதிகாரம் கோவலனது கொலையை முற்பிறப்பு வினையோடு தொடர்புபடுத்திற்று. முயற்சிக்கு இடமே இல்லை, எல்லாம் நியதி என்று உரைத்த ஆசீவகரும் தமிழகத்தில் இருந்தனர்; அவர் கொள்கையை மணிமேகலை எடுத்துரைக்கின்றது. விதியின்மேற் பழியைச் சுமத்தத் தமிழ்நாட்டில் ஒருவனுக்கு உரிமை இருந்ததாயின், அவ்வுரிமை களத்தில் தோற்றுத் தளையிற் கிடந்த இவ்வரசனுக்கே மிகுதியும் உண்டு. அவன் அதனைக் கையாளவில்லை.

பின் யார்மேற் பழியை வைத்தான்? பலரும் இப்பாட்டைச் சிறை வாழ்வின் இழிவைக் கூறுவதாகவே கொள்வர். பாட்டின் சொற்கள் அவ்வளவில் நிற்கவில்லை. பிணித்ததும் துன்புறுத்தியதும் பிறர் செயலாகக் கூறப்படுகின்றன. இரத்தலும் உண்டலும் மட்டும் 'தாம்' செய்வனவாகக் கூறப்படுகின்றன. அதற்கு ஏதுவாகக் காட்டப்படுவது 'மதுகை' இன்மை, மதுகையாவது மனவலி. தளை காலிற் பட்டது, அது சோழன் செய்தது. தண்ணீர் தா என்னும் சொல் தன் வாயிற் பிறந்தது, அது தான் செய்தது. வெளியே இருந்து உடலுக்கு நேர்ந்ததையும் உள்ளத்தின் இசைவால் தான் செய்ததையும் இப்பாட்டு வேறு பிரித்துக் காண்கின்றது. குற்றம் பின்னதிலேயே வைக்கப்படுகின்றது.

இதே பிரிவினையைச் சில நூற்றாண்டுகளுக்குப் பின் மேலைநாட்டில் மிகத் தெளிவாக வகுத்தவர் அகுஸ்தீன் என்னும் கிறித்துவப் பேராசிரியர் (354-430). இளமையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அவர் மானி சமயத்தைப் பின்பற்றினார். ஒளியும் இருளும் இருபெரும் பொருள்கள், தீமை இருளினின்று வருவது என்பது அச்சமயத்தின் கொள்கை. அக்கொள்கையில், தீமை செய்பவன் தான் செய்ததைத் தன்னுள் கலந்த இருளின்மேல் ஏற்றிவிடலாம். அகுஸ்தீன் அதனை விட்டு நீங்கினார். பிளோட்டினசு வழியினரது நூல்களைக் கற்றபின், தீமை தனிப்பொருள் அன்று, நன்மையின் குறைவே எனத் துணிந்தார். பொருளாக இல்லாத அத்தீமை எங்ஙனம் உலகில் நிகழ்கின்றது எனின், மனிதனது விருப்பாற்றல் உயர்ந்ததை விட்டுத் தாழ்ந்ததை நோக்கித் திரும்புதலால் என்றார். 388 அளவில் தொடங்கிச் சில ஆண்டுகளில் முடித்த தன்னுரிமை பற்றிய மூன்று பகுதி உரையாடலில் இக்கருத்து விரிவாக நிறுவப்பட்டது.

410 இல் உரோமை நகரம் கோத்தியரால் சூறையாடப்பட்டது. அந்நிகழ்ச்சியை ஒட்டி 413 இல் தொடங்கப்பெற்ற அவரது பெருநூலாகிய 'கடவுளின் நகரம்' தன் முதற்பகுதியிலேயே நம் வினாவை எடுத்துக்கொள்கின்றது. பகைவரால் உடற்கேடுற்ற மகளிர் குற்றமுடையரா என்று கேட்டு, உள்ளம் இசையாதபோது உடலுக்கு நேர்ந்தது எவரையும் மாசுபடுத்தாது என்று அவர் விடை கூறினார். அவ்விடையின் தொடர்ச்சியாகவே, உரோமர் தெய்வமாகப் போற்றிய லுக்ரீசியாவின் தற்கொலையை அவர் ஒப்பவில்லை. குற்றமற்றவள் எனின் அவள் கொன்றது குற்றமற்ற ஒருத்தியை அன்றோ என வினவினார். சீசருக்குப் பணிய மனமின்றிக் கி.மு. 46 இல் ஊட்டிக்காவில் தன்னை மாய்த்துக்கொண்ட கேட்டோவின் செயலும் அவருக்கு வீரமாகத் தோன்றவில்லை. உரோமரது மானத்தை இவ்வளவு அஞ்சாது நிறுத்தவர் அவருக்கு முன் இலர் என்றே சொல்லலாம். ஸ்தோயிக்கர் தம் உயிரைத் தாமே விடுதலை மனித உரிமையின் உச்சம் எனக் கொண்டவர். அகுஸ்தீனோ அதில் உரிமையைக் காணாது செருக்கைக் கண்டார். 13 ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினார், தற்கொலை தன்னிடத்து அன்புக்கும், தான் உறுப்பாகிய சமுதாயத்துக்கும், உயிர் தந்த இறைவனுக்கும் மாறானது என மூன்று ஏதுக்களால் இதனை உறுதிப்படுத்தினார்.

குடவாயிற் சிறையில் அகுஸ்தீனை நிறுத்தினால் அவர் என்ன கூறுவார்? தளைப்பட்டது இழிவன்று என்பார். அதனைப் பாட்டும் ஏறக்குறைய ஒத்துக்கொள்கின்றது. மனவலி இழந்து இரந்ததே குறை என்று அரசன் கூறுவதையும், குற்றம் உள்ளத்தின் இசைவில் உள்ளது என்ற அளவில் அவர் ஒப்புவார். வேறுபாடு அதன்பின் தொடங்குகின்றது. குற்றம் தன்னுடையது என்று கண்டவன் அடுத்துச் செய்வது யாது? கிறித்துவ நெறியில் அவன் மன்னிப்பை நாடுவான். மன்னிக்க ஒருவன் உளன். கணைக்கால் இரும்பொறைக்கு அவ்வாறு ஒருவன் இல்லை. வழக்காளியும் தானே, குற்றவாளியும் தானே, தண்டம் விதிப்பவனும் தானே. அவன் மேற்கொண்ட அறம் முழுமையானது. அம்முழுமையே அதன் கொடுமையும் ஆகும் என்பது எம் கருத்து.

இன்னொரு சிறையையும் ஒப்பு நோக்குதல் தகும். 524 அளவில் இத்தாலியில் கொலைத் தண்டம் பெற்ற போயீதியசு என்பார், கோத்திய மன்னன் தியோடொரிக்கின் உயர் அமைச்சராய் இருந்து, பழிசுமத்தப்பட்டுச் சிறைப்பட்டவர். சாவை எதிர்நோக்கி அவர் எழுதிய 'மெய்யறிவின் ஆறுதல்' உரையும் பாட்டும் விரவியது. ஐந்து பகுதிகளை உடையது. தொடக்கத்தில் அவர் ஊழ்மகளை நொந்து அழுகின்றார். மெய்யறிவு ஒரு பெண்ணுருவில் வந்து அவரை இடித்துரைத்து, சுழல்வதே ஊழ்ச் சக்கரத்தின் இயல்பு என்றும், தீயோர் தண்டிக்கப்படாது இருத்தலே அவர்க்குப் பெருங்கேடு என்றும் தெருட்டுகின்றாள். இறைவன் எல்லாம் முன்னறிவான் எனின் மனிதனுக்குத் தன்னுரிமை எங்ஙனம் எஞ்சும் என்பது கடைசிப் பகுதியின் வினா. இறைவனுக்கு முன்னும் பின்னும் இல்லை, எல்லாம் நிகழ்வாகவே தோன்றும். நடப்பவனைக் காண்பவன் அவனை நடக்கச் செய்தவன் ஆகான் என்பது அவள் தரும் விடை. போயீதியசு கிறித்துவர், இறையியல் உரைகள் எழுதியவர். ஆயினும் இந்நூலில் கிறித்துவின் பெயர் ஓரிடத்தும் இல்லை. ஐந்து பகுதிகள் கடந்து அவர் அடைந்த இடத்தில், ஊழைப் பழித்தல் பயனற்றது என்னும் இடத்தில், நம் சேரன் ஏழடியின் தொடக்கத்திலேயே நிற்கின்றான். அவ்விடத்தினின்று அவர் வழிபாட்டை நோக்கிச் சென்றார். இவன் பேசாது நீரை விலக்கினான்.

இக்கிறித்துவக் கொள்கை தமிழ்ச்சொல் பூண்டு காவிரி நாட்டிற்கு வந்த வரலாறும் இவ்விடத்து உரியதே. 1606 இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, தத்துவபோதகர் எனப் பெயர் பூண்டு, ஞானோபதேச காண்டம், ஆத்தும நிர்ணயம் முதலிய உரைநடை நூல்களை எழுதினார். புனர்ஜென்ம ஆக்ஷேபம் என்னும் நூலின் பெயரே, மறுபிறப்புக் கொள்கையை மறுப்பதில் அவருக்கு இருந்த ஊக்கத்தைக் காட்டும். பின்வந்த வீரமாமுனிவர் (1680-1747) கொள்ளிடக் கரையை அடுத்த ஏலாக்குறிச்சியில் தங்கித் தொண்டாற்றினார். 1726 இல் தேம்பாவணியை இயற்றினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். ஊழ் என்னும் 38 ஆம் அதிகாரமும், முயற்சியை ஊழுக்கு மேலாக நிறுத்தும் 62 ஆம் அதிகாரமும், இழிவு வந்தவிடத்து உயிர் வாழாதாரை உயர்த்திக் கூறும் 97 ஆம் அதிகாரமும் அவ்விரு பால்களிலே உள்ளவை. தற்கொலையைப் பெரும்பாவம் எனக் கொண்ட துறவி ஒருவர், மானம் என்னும் அதிகாரத்தைத் தம் சமய மொழியில் எழுதும்போது என்ன எண்ணியிருப்பார் என்று கருதிப் பார்க்கத் தோன்றுகின்றது.

இவர்களும் இவர் வழியினரும் அமைத்த கலைச்சொற்களில் ஒரு வியப்பு உண்டு. ஆதி மனிதனிடமிருந்து பிறப்பால் வரும் குற்றத்தைச் சென்மப் பாவம் என்றும், ஒருவன் தானே செய்யும் குற்றத்தைக் கருமப் பாவம் என்றும் கத்தோலிக்க ஞானோபதேசங்கள் வழங்கின. பெரும்பாவம் சாவான பாவம். சிறுபாவம் அற்பப் பாவம். ஒரு செயல் சாவான பாவமாக வேண்டுமாயின், பொருள் பெரிதாதலோடு முழு அறிவும் முழு மனச்சம்மதமும் வேண்டும். அறக்குணங்கட்குப் புண்ணியம் என்பதே பெயர். போசனப்பிரியத்துக்கு மாறான குணத்திற்கு, மட்டான அசனம் என்னும் பொருளில், மட்டசனம் என்று அவர் இட்ட பெயரை இன்றைய ஆட்சித்தமிழ் ஆக்குவோரும் ஒருமுறை நோக்கலாம். சென்மம், கருமம், புண்ணியம், பாவம் ஆகிய நான்கும் வினைக் கொள்கைக்கே உரிய சொற்கள். கொள்கையை மறுத்தவர் அதன் சொற்களைக் கைவிட இயலவில்லை. அச்சொற்களும் தம் பழைய பொருளை முற்றும் விட்டு வரவில்லை. புண்ணியம் என்னும்போது தமிழன் செவியில் குணமும் படும், அக்குணத்தால் ஈட்டிய பயனும் படும்.

இருதரப்பும் தம்முள் எழுப்பிய தடைகள் இச்சொற்களிலேயே மறைந்து கிடக்கின்றன. இப்பிறப்புத் துன்பம் முற்பிறப்பு வினையின் பயன் எனின் முதற்பிறப்பிற்கு வினை எங்கிருந்து வந்தது, நினைவில் இல்லாத குற்றத்திற்குத் தண்டம் எங்ஙனம் முறையாகும் என்பன கிறித்துவர் பொதுவாகக் கேட்பவை. சைவ சித்தாந்தி முன்னதற்கு எளிதில் விடையிறுப்பான்: வினை அநாதி; முதற்பிறப்பு என ஒன்று இல்லை. பின்னதற்கு அவன் திருப்பிக் கேட்கலாம்: யானே செய்து மறந்த குற்றத்திற்கு யான் பொறுப்பேற்றல் முறையன்று எனின், பிறனாகிய ஆதாம் செய்த குற்றம் சென்மப் பாவமாக என்னைச் சேர்தல் எங்ஙனம் முறையாகும்? இவ்வினா எளியதன்று. அகுஸ்தீனே பிற்காலத்தில் பெலாஜியசு என்பாரோடு வாதிட்டபோது, வீழ்ச்சியுற்ற மனிதனது விருப்பாற்றல் அருள் இன்றி நன்மையை நாடவும் வலியற்றது என்னும் எல்லை வரை சென்றார். தன்னுரிமையைத் தொடக்கத்தில் நிறுவியவரே முடிவில் அதனை அருளின் கையில் ஒப்புவித்தார்.

சித்தாந்தமும் அவ்வருளையே நாடியது. ஆணவம், கன்மம், மாயை என்னும் மூன்றனுள் தீமையின் வேர் ஆணவம். அகுஸ்தீன் தீமையை இன்மை என்றார். சித்தாந்திகள் ஆணவத்தை உள்பொருள் என்றனர். உமாபதி சிவம் திருவருட்பயனில் ஆணவத்தை இருளோடு உறழ்ந்து, இருள் பிற பொருளை மறைப்பினும் தன்னைக் காட்டும், ஆணவமோ தன்னையும் காட்டாது என்றார். மானிகளது இருளினும் இது வேறு. இறைவனோடு போரிடும் ஆற்றல் இதற்கு இல்லை. கன்மம் சடம் ஆதலின் தானே வந்து பயன் தராது, இறைவனே கூட்டுவான் என்பது மெய்கண்டார் வழியினர் துணிவு. நுகரும் வினை பிராரத்தம். நுகரும்போது புதிதாக ஏறுவது ஆகாமியம். ஊழும் தன்னுரிமையும் இவ்விரு சொற்களிடையே பங்கிடப்பட்டன என்று கூறலாம். சிறை பிராரத்தமாயின், சிறையில் நீர் கேட்டதும் நீரை மறுத்ததும் ஆகாமியமாகும்.

சைவ மரபு நினைவில் வைத்தது சிறைப்பட்டவனை அன்று, சிறைவைத்தவனை. செங்கணானே பெரியபுராணத்துக் கோச்செங்கட்சோழ நாயனார் என்பது பலரது துணிபு. திருவானைக்காவில் இறைவனுக்கு நூற்பந்தர் இழைத்த சிலந்தி அவர். அதனை அழித்த யானையின் துதிக்கையிற் புகுந்து கடித்துத் தானும் இறந்து, சோழர் குடியிற் பிறந்தார். நற்பொழுது வரும் வரை தாய் தன்னைத் தலைகீழாகக் கட்டச் செய்து பிறப்பைத் தாழ்த்தமையால் கண் சிவந்தது என்பர். சினத்தால் உயிர் கொன்ற செயல் இங்குத் தீவினையாக எண்ணப்படவில்லை. பந்தர் இழைத்த அன்பே எண்ணப்பட்டது. அவர் பெயரோடு சார்த்தப்படும் மாடக்கோயில்களுள் குடவாசற் கோணேசர் கோயிலும் ஒன்று. ஆக, ஓர் ஊரில் இருவகை வரலாறு நிற்கின்றது. ஒருவன் முற்பிறப்பின் ஒரு செயலால் அரசும் அருளும் பெற்றான். மற்றவன் இப்பிறப்பின் ஒரு சொல்லால், தண்ணீர் தா என்ற சொல்லால், தன்னைத் தானே ஒறுத்தான்.

இந்நோக்கில், களவழி பாடிப் பொய்கையார் சேரனை மீட்டார் என்னும் மரபும் புதுப்பொருள் பெறுகின்றது. அதில் அவன் விடுதலை அவனுடைய செயல் அன்று. வேறொருவன் பாடினான், மற்றொருவன் கொடுத்தான், அவன் பெற்றான். பரணி எழுந்த காலம் பத்திநெறி தழைத்து, அருள் என்பது மக்கள் உள்ளத்தில் வேரூன்றிய காலம். பிறர் கொடையால் தளை நீங்குதல் இழிவன்று எனக் கருதும் உள்ளம் அப்போது அமைந்திருந்தது. சங்கப்பாட்டின் உள்ளம் அதுவன்று. உறவல்லாதார் ஈந்த நீரையே கொள்ளாதது அது. இம்மாற்றத்தை மட்டும் கொண்டு விடுதலைக் கதை பிற்காலப் புனைவு என முடிவு கட்டுதல் பொருந்தாது. எனினும் அடிக்குறிப்பின் கூற்றே பழமையானது என்பார்க்கு இது ஒரு துணைச்சான்று ஆகும்.

அடிக்குறிப்பில் இன்னும் ஒரு செய்தி உண்டு. நீர் மறுக்கப்பட்டதால் அவன் இறந்தான் என்று அது கூறவில்லை. நீர் பிந்தியேனும் வந்தது; அவன் அதைக் கையில் வாங்கினான். பாட்டில் இல்லாத இச்சிறு செயலை, அதனைத் தொகுத்தோர் விடாது பதிந்து வைத்தனர். காவலர் தந்திலர், அதனால் மாண்டான் என எழுதியிருப்பின் குற்றம் காவலர் மேலதாய், கதையும் எளிதாய் முடிந்திருக்கும். அவர் அவ்வாறு எழுதவில்லை.